குழல் இரும்பு, கட்டை மரம்

வாய்வழியாக மருந்தும் குண்டும் போட்டுக் கெட்டிக்கும் துப்பாக்கியில் இரும்புக் குழலும் அதைத் தாங்கும் மரக்கட்டையும் ஆயுள் முழுக்கச் சேர்ந்தே கிடக்க வேண்டும். இரண்டின் குணமும் வேறு. இரும்பு வெப்பத்துக்கு நீளும், குளிருக்குக் குறுகும். ஈரம் அதைத் துருப்பிடிக்க வைக்குமே தவிர அளவை மாற்றாது. மரம் வெப்பத்துக்கு அவ்வளவாக அசையாது. ஆனால் காற்றில் ஈரம் கூடினால் பருக்கும், குறைந்தால் சுருங்கும். வெவ்வேறு காரணத்துக்காக வெவ்வேறு அளவில் அசையும் இவ்விரண்டையும் ஒன்றை ஒன்று உடைக்காமல் பிணைத்து வைப்பதுதான் கட்டை செய்பவரின் முதல் வேலை. செதுக்கு வேலையும் பித்தளைப் பூவேலையும் அதற்குப் பிறகு வருபவை.

தமிழ்நாட்டில் நாட்டுத் துப்பாக்கி என்று சொல்லப்படுவதும் வாய்வழி கெட்டிக்கும் வகையைச் சேர்ந்ததே. என்றாலும் மரத்தின் அசைவு மிகக் கடுமையான சோதனையாக வருவது அமெரிக்காவின் பென்சில்வேனியா நீள்துப்பாக்கியில். 18ஆம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய ஜெர்மன் மொழிக் கைவினைஞர்கள், தங்கள் நாட்டு வேட்டைத் துப்பாக்கியான யேகரை நீட்டி மெலியவைத்து இந்த வடிவத்தை உருவாக்கினார்கள். ஜேக்கப் டிக்கர்ட் போன்றவர்கள் தொழில் செய்த லங்காஸ்டர் நகரம் இதன் முக்கிய இடங்களில் ஒன்று. பின்னாளில் கென்டக்கி துப்பாக்கி என்று பெயர் பெற்றதும் இதுவே. இதன் எண்கோணக் குழல் பெரும்பாலும் 42 அங்குலம் அல்லது அதற்கும் மேல். அதாவது ஒரு மீட்டரைத் தாண்டும். தோளில் வைக்கும் அடிப்பகுதியிலிருந்து குழலின் வாய் வரை ஒரே மரம் ஓடுகிறது. முன்பகுதியில் குழலின் இருபக்கமும் நிற்கும் மரத்தின் கனம் சுமார் 3 மில்லிமீட்டர். நுனியை நெருங்க இன்னும் குறையும். அவ்வளவு மெல்லிய மரம் அவ்வளவு நீள இரும்பைத் தழுவி நிற்கிறது. சிறு இழுப்பும் அதற்குப் பெரிய சுமை.

மரம் ஏன் அசைகிறது என்பது ஐப்பசி மழையில் இறுகிப் பங்குனியில் இளகும் வாசற்கதவைப் பார்த்தவர்களுக்குப் புதிதல்ல. பச்சை மரத்தில் நீர் இரண்டு விதமாக இருக்கிறது: நார்க்குழாய்களின் உள்ளே தேங்கிய நீர், நார்ச் சுவர்களுக்குள்ளேயே ஊறிய நீர். மரம் காயும்போது முதலில் தேங்கிய நீர் போகும். அதுவரை அளவு மாறாது. ஈரம் ஏறத்தாழ 28 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் சுவர்களில் ஊறிய நீர் வெளியேறத் தொடங்கும். அப்போதுதான் சுருக்கமும் தொடங்கும். இது ஒருமுறை நடந்து முடிந்துவிடும் காரியம் இல்லை. எத்தனை ஆண்டு காய்ந்த மரமானாலும் சுற்றியுள்ள காற்றோடு ஈரத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்கும். அறை வெப்பநிலையில் காற்றின் ஈரப்பதம் 30 சதவீதமாக இருந்தால் மரத்தின் ஈரம் 6 சதவீதத்தில் போய் நிற்கும். காற்றின் ஈரப்பதம் 65 ஆனால் மரம் 12 சதவீதத்துக்கு ஏறும். குளிர்காலத்தில் அடுப்பு எரியும் அமெரிக்க வீட்டுக்கும் அதே ஊரின் புழுக்கமான கோடைக்கும் இடையே மரம் ஆண்டுதோறும் கடக்கும் தூரம் ஏறத்தாழ இதுதான்.

அசைவு எல்லாத் திசையிலும் ஒரே அளவில் இருப்பதில்லை. ஆண்டு வளையங்களின் வளைவை ஒட்டிய திசையில் மிக அதிகம். மையத்திலிருந்து பட்டை நோக்கிச் செல்லும் ஆரத் திசையில் அதில் பாதி அல்லது சற்றுக் கூடுதல். நீளவாக்கில் மிகமிகக் குறைவு. மரங்களின் இந்த அளவுகளை 1910இல் விஸ்கான்சின் மாநிலம் மாடிசனில் தொடங்கப்பட்ட அமெரிக்க வனப்பொருள் ஆய்வகம் தொகுத்து வைத்திருக்கிறது. பச்சையிலிருந்து முற்றிலும் காயும் வரை சர்க்கரை மேப்பிள் வளையத் திசையில் 9.9 சதவீதமும் ஆரத் திசையில் 4.8 சதவீதமும் சுருங்கும். கறுப்பு வால்நட்டில் இவை 7.8, 5.5. நீளவாக்கில் பெரும்பாலான மரங்களுக்கு 0.1 முதல் 0.2 சதவீதம்தான். மேப்பிளில் இரு திசைகளுக்கும் உள்ள வேறுபாடு இரு மடங்கு. வால்நட்டில் ஒன்றரை மடங்குகூட இல்லை. திசைக்குத் திசை சுருக்கம் மாறும்போதுதான் மரம் கோணலாகிறது. வால்நட் அடங்கிய மரம் என்று துப்பாக்கி செய்பவர்கள் மதிப்பதற்கும், மேப்பிளிடம் எச்சரிக்கையாக இருப்பதற்கும் காரணம் இந்த வேறுபாடே.

இந்தச் சதவீதங்களை மில்லிமீட்டராக்கிப் பார்த்தால் விஷயம் தெளியும். சர்க்கரை மேப்பிளில் ஈரம் 12இலிருந்து 6 சதவீதத்துக்கு இறங்கினால் வளையத் திசையில் சுமார் 2 சதவீதம் சுருங்கும், ஆரத் திசையில் 1 சதவீதம். 120 மில்லிமீட்டர் உயரமுள்ள அடிப்பகுதி, வெட்டப்பட்ட திசையைப் பொறுத்து, 1.2 முதல் 2.5 மில்லிமீட்டர் வரை குறையும். குழல் உட்காரும் 22 மில்லிமீட்டர் காடி 0.2 முதல் 0.45 மில்லிமீட்டர் வரை நெருங்கும். நீளவாக்கில் ஒரு மீட்டருக்குச் சற்று மேற்பட்ட முன்கட்டை மூன்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர் குறையும். இரும்புக் குழலின் கணக்கு தனி: வெப்பநிலை 40 பாகை செல்சியஸ் மாறினால் 42 அங்குலக் குழல் அரை மில்லிமீட்டர் நீளும் அல்லது குறுகும். கணப்பருகே தொங்கிய துப்பாக்கியைப் பனிக்காட்டுக்குள் எடுத்துச் செல்லும் வேட்டைக்காரர் அந்த 40 பாகையைக் காலையிலேயே கடந்துவிடுகிறார். அவர் கையில் குழல் குறுகுகிறது. கட்டையோ ஈரம் வாங்கும்வரை அப்படியே நிற்கிறது.

அழகுக்காகத் தேர்ந்தெடுக்கும் மரம் இதைப் பெரிதாக்குகிறது. நீள்துப்பாக்கிக்கு மிகவும் விரும்பப்படுவது சுருள் மேப்பிள். புலிவரி போல் குறுக்கே ஓடும் அதன் கோடுகள் வேறொன்றுமில்லை, நார்கள் நேராகப் போகாமல் அலை அலையாக ஏறி இறங்குவதன் தோற்றம். நார் சாய்ந்திருக்கும் இடத்தில், கட்டையின் நீளவாக்கில் பார்த்தாலும் குறுக்குவாட்டுச் சுருக்கத்தின் ஒரு பங்கு வந்து சேரும். சாய்வு சராசரியாக 10 பாகை இருந்தாலே நீளவாக்கு அசைவு இரண்டு மூன்று மடங்காகிவிடும். நேர்நார் மரத்தில் மூன்றில் ஒரு மில்லிமீட்டராக இருந்தது நல்ல சுருள் மரத்தில் ஒரு மில்லிமீட்டரை எட்டலாம். பழைய மேப்பிள் கட்டைகளில் விரலை ஓட்டினால் கோடுகளின் மேடு பள்ளத்தை உணர முடிவதும் இதனால்தான். இழைத்தபோது சமமாக இருந்த பரப்பு, அலையின் ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு அளவில் சுருங்கியதால் நெளிந்துபோயிருக்கிறது.

வேலை மரத்தைக் காயவைப்பதில் தொடங்குகிறது. கட்டைக்கு வேண்டிய துண்டு இரண்டரை அங்குலத்துக்குக் குறையாத கனம் கொண்டது. நிழலில் காற்றோட்டமாக அடுக்கிக் காயவைக்கும்போது ஓர் அங்குலக் கனத்துக்கு ஓர் ஆண்டு என்பது தொழிலில் பழகிய கணக்கு. வெட்டுமுனைகளில் மெழுகோ கனத்த பெயின்ட்டோ பூசுவார்கள். பூசாவிட்டால் முனைவழியே ஈரம் பக்கங்களைவிடப் பத்து மடங்குக்கும் மேலான வேகத்தில் வெளியேறும், மரம் முனையிலிருந்து வெடிக்கும். சூளையில் அவசரமாகக் காய்ந்த மரத்தில் வேறொரு தொல்லை உண்டு. வெளிப்புறம் முதலில் காய்ந்து விறைத்துக்கொள்ள, உட்புறம் பின்னால் சுருங்க முயன்று இழுபட்டே நிற்கும். வெளியே தெரியாத அந்த இழுவிசை, காடி வெட்டிப் பாதி மரத்தை எடுத்த அன்று வெளிப்படும்: முன்கட்டை வில்லாக வளையும்.

திறந்தவெளிக் கொட்டகையில் காய்ந்த மரம் பெரும்பாலும் 12 சதவீதத்துக்குக் கீழே போகாது. ஆகவே அதை வேலைசெய்யும் அறைக்குள் கொண்டுவந்து சில மாதமாவது வைக்க வேண்டும். இன்று பலர் வாங்கும், இயந்திரத்தில் முன்பே செதுக்கிய கட்டைகளுக்கும் இது பொருந்தும். அவை வேறொரு தட்பவெப்பத்திலிருந்து வருபவை. மரம் நிலைக்கு வந்துவிட்டதா என்று அறிய ஈரமானி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் சமையலறைத் தராசு போதும். வாரம் ஒருமுறை கட்டையை நிறுத்துக் குறித்து வைத்தால், எடை மாறாமல் நிற்கும் வாரத்தில் மரம் அந்த அறையின் காற்றோடு சமரசமாகிவிட்டது என்று பொருள். இதைவிட எளிய, நம்பகமான சோதனை வேறில்லை.

துண்டில் நார் எப்படி ஓடுகிறது என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். மிக முக்கியமான இடம் கழுத்து, அதாவது கை பிடிக்கும் மெல்லிய பகுதி. அங்கே நார் கழுத்தின் வளைவோடு ஒத்து ஓட வேண்டும். குறுக்கே வெளியேறினால் அசைவும் அதிர்வும் சேர்ந்து அங்கேதான் உடைக்கும். முன்கட்டையில் நார் நேராக இருப்பது அடுத்த தேவை. ஒருபக்கம் சாய்ந்து வெளியேறும் நார் கொண்ட முன்கட்டை ஈரம் மாறும்தோறும் அந்தப் பக்கம் திரும்பும்.

நல்ல கைவினைஞர் ஒரே மூச்சில் கட்டையைச் செதுக்கி முடிப்பதில்லை. குழலுக்கான காடியை முதலில் வெட்டுவார், குண்டை உள்ளே தள்ளும் திணிகோலுக்கான நீளத் துளையை இடுவார், வெளிவடிவத்தைப் பருமனாக மட்டும் அறுத்துவிட்டுச் சில வாரம் ஒதுக்கி வைப்பார். மரம் எங்கே போக விரும்புகிறதோ போய்க்கொள்ளட்டும். கூடுதலாக விட்ட கனத்தில் அதைத் திருத்த இடம் இருக்கும். அந்த நாள்களில் குழலைக் காடிக்குள்ளேயே வைத்துக் கட்டி வைப்பது வழக்கம். மெலிந்த முன்கட்டையைக் குழலில்லாமல் சுவரில் சாய்த்து வைத்தால், அந்தச் சாய்வே அதன் வடிவமாகிவிடும். குழல் உள்ளே இருக்கும்வரை அதுவே முதுகெலும்பு.

காடியின் பொருத்தம் எவ்வளவு இறுக்கமாக இருக்கலாம்? இடைவெளி தெரியாத பொருத்தம் தச்சுக்குப் பெருமைதான். ஆனால் புழுக்கமான மாதத்தில் சுத்தியலால் தட்டி இறக்கிய குழல், வறண்ட மாதத்தில் இறுகப் பிடிபடும். இரும்பு விட்டுக்கொடுக்காது, காடிக்கும் திணிகோல் துளைக்கும் நடுவே இருக்கும் 3 மில்லிமீட்டர் மரச்சவ்வுதான் கிழியும். பழைய துப்பாக்கிகளின் முன்கட்டையில் நீளவாக்கில் ஓடும் வெடிப்புகளில் பல இந்த வகை. கையால் அழுத்தினால் உட்காரவும், தலைகீழாகப் பிடித்து மெல்லத் தட்டினால் வெளிவரவும் கூடிய பொருத்தமே சரியானது.

இனி பிணைப்பு. எந்த இடத்தில் இறுக்குவது, எந்த இடத்தில் விடுவது என்பதற்குத் தெளிவான விதி உண்டு. குழலின் பின்முனையில், மருந்து எரியும் இடத்தில், கட்டையோடு அசையாத பிடி ஒன்று. மற்ற எல்லா இடத்திலும் நீளவாக்கில் நகர இடம். பின்முனையிலிருந்து நாக்குப் போல் நீளும் இரும்பு வாலைத் திருகு ஒன்று கட்டையோடு பிணைக்கிறது. சுடும்போது வரும் பின்னுதையைக் குழலின் பின்முகம் முழுவதும் மரத்தில் படிந்து வாங்க வேண்டும். வாலின் கடைமுனைக்குப் பின்னால் மட்டும் ஒரு தாள் கனத்துக்கு இடைவெளி விடுவது நல்லது. மரம் சுருங்கி வாலின் முனை முதலில் முட்டினால், ஒவ்வொரு வேட்டும் அதை ஆப்பாக்கிக் கழுத்தைப் பிளக்கும்.

குழலின் அடியில் சிறு இரும்புக் காதுகள் பதிக்கப்பட்டிருக்கும். கட்டையின் ஒருபக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போகும் மெல்லிய குறுக்காணிகள் இந்தக் காதுகளின் துளை வழியே சென்று குழலைப் பிடிக்கின்றன. குழலைக் காடியில் இறுகக் கட்டி, மரத்தையும் காதையும் சேர்த்தே துளையிடுவார்கள். அதன்பின் குழலை வெளியே எடுத்து, காதிலுள்ள துளையை மட்டும் ஊசி அரத்தால் முன்னும் பின்னும் நீட்டுவார்கள். ஒன்றரை மில்லிமீட்டர் ஆணிக்கு நாலரை மில்லிமீட்டர் நீளத் துளை போதும். மேலும் கீழும் அரம் படக் கூடாது. பட்டால் குழல் ஆடும். மரத்திலுள்ள துளை வட்டமாகவே இருக்க வேண்டும். இப்படிச் செய்தால் ஆணி குழலைக் கீழே இழுத்துப் பிடிக்கும், ஆனால் குழலும் கட்டையும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொள்ளும். துளையை நீட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்பதும் தெரிந்ததே: கட்டை சுருங்கும்போது ஆணிகள் இழுபட்டு மரத்துளையின் ஓரம் பெயரும், அல்லது முன்கட்டை குழலை வளைத்துக் குறியை மாற்றும்.

துளையை நீட்டியும் பிழை செய்பவர்கள் உண்டு. காது புதையும் மரக்குழியிலும் முன்னும் பின்னும் இடம் வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள். குழியின் சுவர் காதை முட்டினால் நீட்டிய துளைக்குப் பயனே இல்லை. மருந்தைப் பற்றவைக்கும் பொறியான பூட்டைக் கட்டையோடு பிணைக்கும் முன்திருகு குழலின் அடியை ஒட்டிப் போகும். சில துப்பாக்கிகளில் அதற்காகக் குழலின் அடியில் பள்ளம் அரவியிருப்பார்கள். அந்தப் பள்ளமும் திருகைவிட அகலமாக இருக்க வேண்டும். நுனியிலுள்ள உலோகத் தொப்பியும் திணிகோல் வளையங்களும் மரத்தோடு மட்டுமே பிணைந்திருக்க வேண்டும்.

ஆணிக்குப் பதில் தட்டையான ஆப்புகள் வைக்கும் வழக்கமும் உண்டு. செயின்ட் லூயிஸ் நகரில் ஜேக்கப், சாமுவேல் ஹாக்கன் சகோதரர்கள் செய்த மேற்குச் சமவெளித் துப்பாக்கிகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அவற்றில் பெரும்பாலானவை அரைக்கட்டைத் துப்பாக்கிகள். மரம் குழலின் பாதியோடு நின்றுவிடும். நீளம் குறைந்தால் நீளவாக்குத் தொல்லையும் குறையும். படைத் துப்பாக்கிகளில் வேறொரு விடை கிடைத்தது. பிரான்சின் சார்லவில் மஸ்கெட்டிலும், அதன் வழிவந்த அமெரிக்காவின் 1861 ஆண்டு மாதிரி ஸ்பிரிங்ஃபீல்டிலும் குழலையும் கட்டையையும் சுற்றி உலோகப் பட்டைகள் போடப்பட்டன. பட்டைக்குள் குழல் தானாகவே வழுக்கும். நீள்துப்பாக்கியின் மெல்லிய அழகுக்கு அந்தப் பட்டைகள் ஒத்துவராது. அங்கே நீட்டிய துளையே தக்க வழி.

மரத்தின் அசைவு பாதுகாப்பையே தொடும் இடம் விசையும் பூட்டும் சேரும் பகுதி. எளிய விசை, மரத்தில் குறுக்கே அடித்த ஆணியில் தொங்குகிறது. அது தூக்கிவிட வேண்டிய நெம்புகோல் மேலே பூட்டுக்குள் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே இருப்பது மரம். அது சுருங்கினால் விசை நெம்புகோலை நெருங்கும். மரம் வற்றியதால் தளர்ந்த வால்திருகை யாராவது மீண்டும் இறுக்கினால் இன்னும் நெருங்கும். ஈரமான மாதத்தில் இடைவெளியே இல்லாமல் பொருத்தியிருந்தால், வறண்ட மாதத்தில் விசை நெம்புகோலைத் தாங்கிக்கொண்டே நிற்கும். பூட்டின் சுத்தியல் முழு இழுப்பில் நிற்காமல் நழுவலாம். ஆகவே விசைக்கும் நெம்புகோலுக்கும் நடுவே சிறிது ஆட்டம் விட்டே ஆக வேண்டும். ஆட்டமில்லாத விசையை நேர்த்தி என்று மெச்சுவது தவறு. பூட்டின் தகட்டைச் சுற்றி மரம் நெருக்கமாக இருக்கலாம். உள்ளே வில்லும் நெம்புகோலும் நகரும் பள்ளங்களில் மரம் எங்கும் உரசக் கூடாது. மழையில் பருத்த மரம் நெம்புகோலைப் பிடித்துக்கொண்டால் பூட்டு வேலை செய்யாது.

குண்டுக்கு உறையாகும் எண்ணெய்த் துணிகளை வைக்கும் பேழைக்குப் பழைய துப்பாக்கிகளில் மரத்தாலான நழுவு மூடி இருக்கும். 35 மில்லிமீட்டர் அகல மூடி, புழுக்கத்தில் அரை மில்லிமீட்டருக்கு மேல் பருக்கக் கூடும். ஆகவே அதைச் சற்றுத் தளர்வாகவே பொருத்துவார்கள்.

இறுதியில் பூசும் ஆளிவிதை எண்ணெய் ஈரத்தைத் தடுத்துவிடும் என்ற நம்பிக்கை பரவலானது. அது தடுப்பதில்லை; வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். ஒருநாள் மழைக்கு அது உதவும், ஒரு பருவ மாற்றத்துக்கு உதவாது. வெளியே பத்துப் பூச்சு பூசிவிட்டுக் காடியையும் பூட்டுப் பள்ளத்தையும் தோளில் படும் உலோக அடித்தகட்டுக்குப் பின்னால் இருக்கும் வெட்டுமுகத்தையும் பச்சையாக விடுவது வீண் வேலை. ஒருபக்கம் மட்டும் ஈரம் வாங்கும் மரம் இன்னும் அதிகமாக வளையும். உள்ளும் புறமும் ஒரே அளவில் பூச்சு வேண்டும்.

இருநூறு ஆண்டு கடந்த நீள்துப்பாக்கிகள் இன்று அருங்காட்சியகங்களிலும் சேகரிப்பாளர்களிடமும் இருக்கின்றன. அவற்றின் அடித்தகட்டை உற்றுப் பார்த்தால், பித்தளை விளிம்பு மரத்தைவிட ஒரு நூலளவு வெளியே துருத்தி நிற்பதைக் காணலாம். செய்தவர் அதைச் சமமாகவே அரவி முடித்தார். பின்னால் மரம்தான் உள்ளே போனது. பழுதுபார்ப்பவர்கள் சிலர் அந்த விளிம்பை மரத்தோடு சமமாக அரவிவிடுகிறார்கள். அடுத்த ஈரமான பருவத்தில் மரம் பழையபடி பருக்கும். அரவிய பித்தளை திரும்ப வராது. பழைய துப்பாக்கி கையில் இருப்பவர்கள் அந்த விளிம்பில் அரம் வைக்க வேண்டாம்.